மடுல்கெல்லைத் துரையின் இரண்டு துப்பாக்கிகள்

இந்தக் கண்டிச் சீமையில் இரும்பு ஒரு ராத்திரிக்குள் துருப்பிடித்துவிடும். எங்கள் ஊர் முசிறியில் அரிவாளை முற்றத்தில் போட்டுவிட்டுப் போனாலும் போட்டது போட்டபடி கிடக்கும். இங்கே அடுப்பு மூட்டுமுன் கத்திக்கு எண்ணெய் தடவ வேண்டும். ஊரில் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள், வந்து பாருங்கள்.

என் வீட்டுக்காரர் ஆசாரி. மடுல்கெல்லைக் கோப்பித் தோட்டத்தில் மண்வெட்டிக்கும் கிளை கழிக்கிற கவ்வாத்துக் கத்திக்கும் கூர் வாய் வைப்பதுதான் அவர் வேலை. ஒருநாள் துரையின் குதிரை வழுக்கி விழுந்ததில், அவர் துப்பாக்கியின் மரக்கட்டை உடைந்தது. அது புதுமாதிரித் துப்பாக்கி. விசைக்குக் கீழே உள்ள இரும்பு வளையத்தில் விரல்களை விட்டு முன்னே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். துரை அதேபோல் இன்னொன்று அனுப்பச் சொல்லித் துப்பாக்கி செய்யும் பக்டரிக்கு எழுதிவிட்டு, உடைந்ததை இவரிடம் கொடுத்தார். தன் கைக்கு ஏற்றபடி செய்யச் சொன்னார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வாராம்; மற்றது புசல்லாவைத் தோட்டத்துத் துரைக்கு. இவருடையது தேறினால் கண்டி டவுனில் பட்டறை போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"தேறலன்னா ஊருக்கே போயிருவோம் புள்ள. சாகுறமட்டும் மம்பட்டியோட மாரடிக்க என்னால ஆகாது" என்றார் இவர்.

பூவரசங் கட்டையை இழைத்து, துரையின் தோளுக்கு அளவாக்கினார். வளையத்தை மட்டும் தொடவில்லை. நான் கூச்சக்காரி, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தவள் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் துரை பேர் எழுதும்போது கையைத்தான் பார்ப்பேன். அதனால் எனக்குத் தெரியும்: அவருக்கு வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்காது. இவரிடம் சொன்னேன்.

"அப்பிடியா? துரைகிட்ட வெரல நீட்டுங்கன்னு கேக்கவா முடியும்?"

விறகுச் சிராய் எடுத்து, இவருடைய கடைசி இரண்டு விரலையும் மடங்காதபடி சேர்த்துக் கட்டினேன். அந்தக் கையோடு இரண்டு நாள் வளையத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இடித்த இடமெல்லாம் காய்ச்சி அகட்டினார். சோற்றையும் அந்தக் கையாலேயே தின்றார்.

பக்டரித் துப்பாக்கி வந்து சேர்ந்த அன்று, பங்களா முற்றத்து மேசையில் இரண்டு துப்பாக்கியும் கிடந்தன. "பக்டரிச் சாமான் கண்ணாடி மாதிரி மினுக்குது. ஒன்னோடது மம்பட்டிக் காம்புக்குத் தாலி கட்டுன மாதிரில்ல இருக்கு" என்றார் கங்காணி.

துரை முதலில் பக்டரித் துப்பாக்கியால் ஒரு வெடி வைத்தார். வளையத்தில் விரல் நுழையவில்லை; தோளிலிருந்து இறக்கி, இடது கையால் தள்ளினார். பிறகு எங்களுடையது. தோளிலிருந்து இறக்காமலே மூன்று வெடி.

"ஆசாரி, நம்ம வெரல் ஆரு பாத்தது?"

"எங்க வூட்டுப் பொம்பளதாங்க தொர."

துரை என் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார். தலை வேர்க்கிறது போலும் என்று நினைத்தேன். "ஒனக்குத்தாம்மா மரியாத குடுத்தாரு, கங்காணி எனக்கே இதுவரைக்கும் கழட்டுனதில்ல" என்றார் கங்காணி. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனாலும் அன்றுபோல் நான் என்றும் நிமிர்ந்து நடந்ததில்லை.

எங்களுடையதையே வைத்துக்கொண்ட துரை, செய்த ஊரின் பேரை அதில் வெட்டச் சொன்னார். இவருக்கு எழுத்துத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு. கரியால் இரும்பின் மேல் 'கண்டி' என்று எழுதினேன். பட்டறையே கண்டியில்தானே வரப்போகிறது! ஆனால் மனசு ஆறவில்லை. கட்டையில் தோளோடு முட்டுகிற பின் தகட்டைக் கழற்றச் சொல்லி, உள்மரத்தில் 'முசிறி' என்றும் எழுதினேன். இவர் இரண்டையும் வெட்டி, தகட்டை முடுக்கினார்.

பார்க்கிறவர்கள் கண்டியைத்தான் படிப்பார்கள். வெடிக்கும்போதெல்லாம் துரையின் தோளில் போய் இடிப்பது முசிறி.