சிங்கப்பூரிலிருந்து வந்த டிவி

எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி, காரைக்குடி வீட்டுக்கு ஒரு டிவி கொண்டுவந்தான்.

"உலகத்துல நடக்குற சண்டையெல்லாம் செய்தியில காட்டுவாக, பாருக்கா" என்றான்.

மொட்டைமாடியில் மூங்கில் நட்டு ஆன்டெனா கட்டினான். எந்த நிலையமும் எங்கள் ஊருக்கு எட்டவில்லை. திரையில் வெள்ளைப் புள்ளிகள்தான் மின்னின. ஆனாலும் பக்கத்து ஊரான சாக்கோட்டையிலிருந்துகூட ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். காபி போட்டே நான் ஓய்ந்துபோனேன்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல், அடுக்களை ரேடியோவில் வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தியை உரக்க வைத்தேன். இதைக் கேட்டாவது எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். தம்பியோ ஓடிவந்து, ரேடியோவைத் தூக்கிப்போய் டிவி மேல் வைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "இம்புட்டு நாளா டிவிய ஏன் ஊமையா வச்சிருந்தீக?" என்று என்னைக் கேட்டார்.

நான் மறுபடி பால் காய்ச்சப் போனேன்.