ஜமால் பாய் சொன்னதும் நான் அடித்ததும்

இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் மேல் இருக்கிற மரியாதை போய்விடும் என்ற பயம்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "வயசானவங்களை மவுஸைத் தொட விடாதப்பா. எதையாச்சும் அமுக்கி லைனைக் கட் பண்ணிடுவாங்க. நீயே அடிச்சுக் குடு." எனக்கும் அது பிடித்திருந்தது. பெரிய மனுஷர்கள் கை கட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து "சார்" என்று கூப்பிட்டால் இருபத்திரண்டு வயசில் தலைகால் புரியுமா?

அப்படி வந்தவர் ஜமால் பாய். கம்பெனியில் இருபது வருஷம் கிரைண்டிங் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஒரே மகன் சண்டை போட்டுக்கொண்டு அமெரிக்கா போய்விட்டான். "இனி என் முகத்துல முழிக்காத" என்று சொல்லி, பாய் வழியனுப்பக்கூடப் போகவில்லை. மகனின் மெயில் அட்ரஸை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"எழுதுங்க சார். அன்னிக்கு அத்தா பேசினது தப்பு. கோபத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீ போன அன்னிக்கு மெஷின் முன்னாடி நின்னேன், கை ஓடல. மனசுல வெச்சுக்காத, ஊருக்கு வா."

எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது, இங்கிலீஷில்தான் அடிக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு வராது. ப்ளஸ் டூவைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நான் நலம், அம்மா நலம், லீவு கிடைத்தால் வா என்று இங்கிலீஷில் மூன்று வரி அடித்தேன்.

பாய் ஸ்கிரீனை உற்றுப் பார்த்தார். "இவ்ளோ பேசினேன், இத்துனூண்டு இருக்குதே?"

"இங்கிலீஷ்ல சுருக்கமாத்தான் வரும் பாய்."

நம்பிவிட்டார். வாரா வாரம் வந்து மனசில் இருப்பதையெல்லாம் கொட்டினார். நானும் அதே மூன்று வரியை மாற்றி மாற்றி அனுப்பினேன். மகனும் இரண்டு வரிதான் பதில் போட்டான். "வேலை ஜாஸ்தி போல" என்று பாயே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

ஒன்றரை வருஷம் கழித்து மகன் ஊருக்கு வந்தான். ஆபீசுக்கு மெயில் அனுப்ப அத்தாவோடு எங்கள் சென்டருக்கே வந்தான். பேச்சுவாக்கில் கேட்டான்: "ஏன் அத்தா, கோபம் போயிடுச்சுன்னு ஒரு தடவையாச்சும் எழுதக் கூடாதா? போன ரம்ஜானுக்கே வந்திருப்பேன்ல?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதைத்தானே சார் முதல் நாளே சொன்னேன்?"

திட்டியிருந்தால் தேவலை. எனக்கு இங்கிலீஷ் வராது என்று அப்போதுதான் சொல்லித் தொலைத்தேன். மகன், "தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கலாமே" என்றான். அந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கூனிக் குறுகி நின்றேன்.

மகன் திரும்பிப் போனதும் பாய் தனியாக வந்தார். "கொஞ்சம் நகருங்க சார்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்ரான் கணக்கில் வேலை பார்த்த கை, மவுஸைப் பிடிக்கும்போது நடுங்கவே இல்லை. மகன் சொல்லிக்கொடுத்தபடி ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் அடித்தார். லைனும் கட் ஆகவில்லை.

அதற்கப்புறம் வயசானவர் யார் வந்தாலும் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து நான் பக்கத்தில் நின்றேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு ரம்ஜானை பாய்க்கும் அவர் மகனுக்கும் என்னால் திருப்பித் தர முடியாது.

பாய் கடைசிவரை என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் சுட்டது.