பிரஷ் எட்டாத மூலை

தொண்ணூறுகளின் கடைசியில் தங்கவயலில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். அழுக்கு என்றாலே எனக்கு ஆகாது.

சென்னையிலிருந்து மைத்துனர் கேனில் கடல்நீரும் ஒரு பாறைத்துண்டும் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விட்டார். பாறையில் ஓடில்லாத கடல் நத்தை ஒன்று ஒட்டியிருந்தது. வெற்றிலைக் கொழுந்துபோல அப்படியொரு பச்சை! ஞாயிறுதோறும் தொட்டியைப் பளபளவென்று தேய்ப்பேன். ஒரு மாதத்தில் நத்தை வெளிறி மஞ்சளாகிவிட்டது.

“சோப்புக் கையை உள்ள வுட்டியா?” என்று மனைவி கலாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் இரண்டு நாள் தொட்டி முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள், “இங்க வந்து பாருங்க” என்றாள். என் பிரஷ் எட்டாத மூலையில் கொஞ்சம் பாசி இருந்தது. நத்தை அதை மேய்ந்துகொண்டிருந்தது.

“வாரா வாரம் தேச்சி ஊத்துனீங்களே, அது இன்னான்னு நெனச்சீங்க? அதோட சோறுங்க. அந்தப் பச்சையத் தின்னுதான் இது பச்சையா இருந்திச்சி.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. பிரஷ்ஷை அவள் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியில் பாசி படரப் படர, நத்தையின் ஓரங்களில் பச்சை திரும்பியது. அதைப் பார்த்த அன்றுதான், “தப்பு என்னோடதுதான் கலா” என்றேன். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அது முதல் தடவை.

இப்போதும் எதையாவது சுத்தம் செய்யக் கிளம்பினால், அது யாருடைய சோறு என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.