நிக்காம பாடணும்

கார் ஸ்டீரியோ மாட்டறவன் பொழப்பு எப்படின்னா, பாட்டு ஓடற வரைக்கும் அவன் பேரு யாருக்கும் ஞாபகம் வராது, நின்ன நிமிஷம் அவன் கடை, வூடு, போன் நம்பர் எல்லாம் ஞாபகம் வந்துடும்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு ஷட்டர் கடையில பதினஞ்சு வருஷமா இந்த வேலையைப் பாக்கறேன். கேசட்டு காலத்துல டேப்பு சிக்கும், பென்சிலை வுட்டுச் சுத்தினா சரியாப் போயிடும். சிடி காலத்துல கீறல் விழும், பனியன் துணியால தொடைச்சா ஓடும். அப்புறம் வந்துச்சு பாருங்க இந்த பென் டிரைவ். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், அது வாங்கிக் குடுத்த ஏச்சு கொஞ்ச நஞ்சம் இல்லை. உங்க வண்டியிலயும் நின்னிருக்கும், நீங்களும் டேஷ்போர்டை நாலு தட்டு தட்டியிருப்பீங்க. அதனால உங்ககிட்ட சொன்னாத்தான் புரியும்.

ஐநூறு பேரு

ஏழுமலைன்னு ஒரு மீன் லோடு வண்டிக்காரர். கோவளத்துலேர்ந்து மீன் ஏத்திகினு வந்து மார்க்கெட்டுல எறக்கிட்டு, அப்படியே என் கடை வாசல்ல வண்டியைப் போடுவாரு. ஒருநாள் வந்து, ஐநூறு பாட்டு ஏத்தியிருக்கேன், ஒண்ணு கூட பாடலை, நீ மாட்டின செட்டு டுபாக்கூருன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தறாரு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. புது செட்டு, மாட்டி நாலு நாள் கூட ஆகலை.

அவரோட பென் டிரைவை பக்கத்து பிரவுசிங் சென்டர்ல போட்டுப் பாத்தேன். ஐநூறு பாட்டுப் பேரு வரிசையா இருக்கு, பாட்டு ஒண்ணு கூட இல்லை. ஏத்திக் குடுத்தவன் பாட்டை காப்பி பண்ணாம, அவன் கம்ப்யூட்டர்ல பாட்டு எங்க இருக்குன்னு காட்டற ஷார்ட்கட்டை மட்டும் காப்பி பண்ணிட்டான். அது அவன் கம்ப்யூட்டரைத் தாண்டி வேற எங்கயும் பாடாது. இதைப் புரியவைக்கறதுக்குள்ள ரெண்டு டீ ஆறிப்போச்சு. கடைசியா ஏழுமலை சொன்னாரு: "அவன் பேரை எழுதிக் குடுத்துகீறான், நீ பாட்டை ஏத்திக் குடு அண்ணாத்த. மீனு நான் தரேன்."

நாலு செகண்டு

ஏழுமலையைக் கூட சமாளிச்சிடலாம். அணுபுரத்துலேர்ந்து வந்த பேச்சிமுத்து சாரைச் சமாளிக்கறதுதான் பெரும்பாடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அங்க அணுசக்தி குவார்ட்டர்ஸ்ல குடும்பத்தோட இருந்தாரு. செகண்ட் ஹேண்டுல கார் வாங்கி நேரா என்கிட்டதான் ஓட்டிகினு வந்தாரு. அவருக்கு அபின்னு ஆறு வயசுல ஒரு பொண்ணு. காருல ஏறினா வாந்தி. பாட்டு ஓடிகினே இருந்தா மட்டும் தூங்கிடும், தூங்கினா வாந்தி கிடையாது. பாட்டு நின்னா முழிப்பு, முழிச்சா வாந்தி. அதுக்காகவே செட்டு மாட்டினாரு.

சார் பாட்டையெல்லாம் தனித்தனி ஃபோல்டர்ல போட்டு, நம்பர் குடுத்து, ஒரு பேப்பர்ல பிரிண்டும் எடுத்துகினு வந்தாரு. நான் மாட்டின செட்டு நம்பரையெல்லாம் மதிக்காது. எது முதல்ல காப்பி ஆச்சோ அதைத்தான் முதல்ல பாடும். ஒரு ஃபோல்டர் முடிஞ்சா அடுத்ததைத் தேட ஒரு நாலு செகண்டு எடுக்கும். நாலு செகண்டுதான சார், இதுக்குப் போயி அணுபுரத்துலேர்ந்து வரணுமான்னு கேட்டேன். அவர் கோவப்படலை. பேப்பரை நாலா மடிச்சுப் பையில வச்சிகினு சொன்னாரு: "அவளுக்கு அது போதும் தம்பி."

முதல் பாட்டு

எல்லாப் பாட்டையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டிக் குடுத்தேன். ஒரு வாரம் சத்தமில்லை. அப்புறம் மறுபடியும் வந்து நிக்கறாரு. பெட்ரோல் பங்க்ல இஞ்சினை ஆஃப் பண்ணினா, ரயில்வே கேட்டுல ஆஃப் பண்ணினா, திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது மொதப் பாட்டுலேர்ந்தே ஆரம்பிக்குதாம்.

காரணம் எனக்கு உடனே தெரிஞ்சிடுச்சு. செட்டுக்குப் பின்னால சிவப்பு ஒயர் சாவி போட்டா கரண்ட் வர்ற ஒயரோட சேரணும், மஞ்சள் ஒயர் நேரா பேட்டரிக்குப் போகணும். எந்தப் பாட்டுல வுட்டோம்ங்கற ஞாபகம் அந்த மஞ்சள் ஒயராலதான் நிக்கும். கேசட்டு காலத்துப் பழக்கத்துல நான் ரெண்டையும் ஒண்ணா முறுக்கிச் சாவியில குடுத்துட்டேன். தப்பு என்னுது. ஆனா அதை ஒத்துக்க வாய் வரலை. கம்பெனி செட்டே அப்படித்தான் சார்னு கூசாம சொன்னேன். சார் என்னை நம்பிட்டாரு. "இப்பல்லாம் அந்த மொதப் பாட்டு வந்தாலே பிள்ள வாயப் பொத்துதா தம்பி."

ரெண்டும் பேட்டரிக்கு

அடுத்த சனிக்கிழமை வந்தாரு. ஊர்லேர்ந்து தங்கச்சி வந்திருக்கு, கல்யாணம் தட்டிப்போயிகினே இருக்கு, நாளைக்குத் திருவிடந்தை கோயிலுக்குக் கூட்டிகினு போறோம், வண்டியை நிறுத்தினாலும் பாட்டு நிக்கக் கூடாது, எதாவது பண்ணுங்கன்னாரு. நான் சலிச்சுப் போயிட்டேன். சரி தொலையட்டும்னு சிவப்பு, மஞ்சள் ரெண்டையுமே நேரா பேட்டரிக்கு இழுத்தேன். சாவியே வேணாம், செட்டு அது பாட்டுக்குப் பாடும்.

இழுக்கும்போது சார் என் தலைக்கு மேலயே நின்னாரு. இந்த இடத்துல இன்சுலேஷன் டேப் பத்தலையே, ஒயர் இஞ்சின் பக்கத்துலேர்ந்து உள்ள நுழையற அந்தத் தகட்டு ஓட்டையில ரப்பர் போட வேண்டாமான்னு நசநசன்னு கேட்டுகினே இருந்தாரு. உங்க ஆபீஸுக்கு வந்து நான் எதாவது சொல்றேனா சார்னு கேட்டுட்டேன். அவர் முகம் சுண்டிப்போயி, கடை வாசலுக்குத் தள்ளிப் போயி நின்னுட்டாரு. எனக்கும் மனசு சரியில்லை, அவசர அவசரமா முடிச்சு பானெட்டைச் சாத்தினேன். சாவியை உருவியும் பாட்டு ஓடுச்சு. அதைப் பாத்ததும் அந்த மனுஷன் எல்லாத்தையும் மறந்துட்டு என் கையைப் புடிச்சிகினாரு. "இனி இதுல கையே வைக்க வேண்டாம் தம்பி. இப்பிடியே இருக்கட்டும்."

சட்டைப் பாக்கெட்

ஞாயித்துக்கிழமை காலையில என் வூட்டுக்காரி துணி ஊறவைக்க முந்தின நாள் சட்டையை ஒதறினா. பாக்கெட்லேர்ந்து கறுப்பா ஒரு சின்ன சாமான் விழுந்துச்சு. ஃபியூஸ் ஹோல்டர், உள்ள ஃபியூஸோட. பேட்டரிலேர்ந்து ஒயர் கிளம்பற இடத்துல அது இருக்கணும். வழியில ஒயர் தோலு உரிஞ்சு இரும்புல பட்டுச்சுன்னா ஃபியூஸ் போயிடும், பாட்டு நிக்கும், அதோட சரி. அது இல்லைன்னா ஒயரே எரியும். சார் ரப்பர் கேட்ட அந்த ஓட்டை இருக்கே, அதோட விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும்.

சாருக்கு செல்லுல அடிச்சேன், அணைச்சு வச்சிருக்காரு. வூட்டு நம்பருக்கு அடிச்சேன், யாரும் எடுக்கலை. கிளம்பிட்டாங்க. கட்டிங் பிளேயரை இடுப்புல சொருவிகினு பைக்கை உதைச்சேன். வூட்டுக்காரி வாசல் வரைக்கும் வந்துட்டா. "ஒரு பாட்டுப் பொட்டிக்கா இப்படி ஓடறே? நாஸ்தா துன்னுட்டுப் போயேன்."

ஏழாவது சுத்து

திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம், அங்கேர்ந்து ஈசிஆர்ல வடக்கே. நாப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கும். ரோட்டோரமா எவனோ சருகு கொளுத்தின புகையைப் பாத்தாக்கூட அவங்க காருதானான்னு எட்டிப் பாத்தேன். அந்தக் குழந்தை பின் சீட்டுல தூங்கிகினு இருக்கும்ங்கறது மட்டும்தான் மண்டையில ஓடுச்சு. வழி பூரா என்னை நானே திட்டிகினே போனேன்.

கோயில் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி மணல்ல கார் நின்னுச்சு. முன் சீட்டுல சாரோட சம்சாரம், பின் சீட்டுல அபி நல்லாத் தூங்கிகினு இருக்கு. பாட்டு ஓடுது. எனக்கு உசுரே அப்பதான் வந்துச்சு. அம்மா, குழந்தையைத் தூக்கிகினு எறங்குங்க, ஒயர்ல ஒரு சாமான் போடாம வுட்டுட்டேன்னு சொன்னேன். அவங்க வாய்ல விரலை வச்சு மெதுவாப் பேசுங்கன்னு காட்டினாங்க. நேத்துலேர்ந்துதான் பாட்டு ஒழுங்கா வருது, நீங்க மறுபடி கையை வச்சா நின்னு போயிடும், பிள்ளை எந்திச்சிருவா, சார் வரட்டும்னு சொல்லிட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை என்கிட்ட ஏமாந்த குடும்பம், நான் சொன்னா எப்படிக் கேக்கும்?

உள்ள ஓடினேன். அந்தக் கோயில்ல கல்யாணம் ஆவாதவங்க மாலையைக் கழுத்துல போட்டுகினு ஒம்பது சுத்து சுத்தணும், நடுவுல வுடக் கூடாதும்பாங்க. சார் தங்கச்சியோட கூடவே நடந்துகினு இருந்தாரு. ஏழாவது சுத்து, இன்னும் ரெண்டு இருக்கு தம்பின்னு விரலைக் காட்டறாரு. நானும் கூடவே நடந்துகினு எல்லாத்தையும் கொட்டிட்டேன். சார், கம்பெனி செட்டு மேல பழி போட்டது பொய்யி. தப்பு பூரா என்னுது. ஃபியூஸ் போடலை, ரப்பரும் போடலை, வண்டி எரிஞ்சிடும் சார். அவர் அப்படியே நின்னுட்டாரு. அந்தத் தங்கச்சிதான் மாலையைப் புடிச்சிகினு, நீ ஓடு அண்ணே, நான் சுத்திக்கிடுதேன்னுச்சு.

வெறுங்கால்ல சுடுமணல்ல ஓடினோம். கிட்டப் போகும்போதே பிளாஸ்டிக் கருகற வாடை. சாரோட சம்சாரம், எங்கயோ குப்பை எரிக்காங்க போலன்னு மூக்கைப் பொத்திகினு உக்காந்திருக்காங்க. டேஷ்போர்டுக்குக் கீழேர்ந்து நூல் மாதிரி புகை வருது. சார் பின் கதவைத் தொறந்து குழந்தையை வாரித் தூக்கினாரு, அந்தம்மா இந்தப் பக்கம் குதிச்சாங்க. நான் பானெட்டைத் தூக்கி பேட்டரிகிட்ட ஒயரை வெட்டினேன். உருகின ஒயர் வெரல்ல ஒட்டிகிச்சு, தோலு வந்துடுச்சு, வலி தெரியலை. பாட்டு நின்னுச்சு.

தகட்டு ஓட்டைகிட்ட ஒயர் ஒரு சாண் நீளத்துக்குக் கருகிப்போயிருந்துச்சு. பெட்ரோல் குழாய் அங்கேர்ந்து நாலு விரக்கடை. சார் எட்டிப் பாத்தாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. ரெண்டு அறை குடுத்துட்டாருன்னா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அந்த நேரத்துல பாட்டு நின்னதுல அபி முழிச்சிகினு, அவர் தோள்ல, வெள்ளைச் சட்டையில, பூராவும் வாந்தி எடுத்துச்சு. அந்தம்மா துண்டை எடுத்துகினு ஓடி வந்தாங்க. சார் வேணாம்னு தலையாட்டிட்டு, குழந்தை முதுகைத் தடவிக் குடுத்துகினே இருந்தாரு. "எடுக்கட்டும். இன்னும் எடுக்கட்டும் தம்பி."

இப்ப யாராவது பாட்டு நிக்காம வரணும்னு கேட்டா, நிக்க வேண்டிய நேரத்துல நின்னுடும், அதுக்கு மட்டும்தான் நான் கேரண்டின்னு சொல்றேன், பாதிப் பேரு அதைக் கேட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிடறாங்க.