சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை

ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு வாய் கோணிப் பேச்சு குழறியது. சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. "ஒண்ணுமில்ல அம்மணி" என்று சிரித்தார். கோயமுத்தூர் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டிருக்கிறது, அடுத்தது பெரிதாக வரலாம் என்றார். ரத்தத்தின் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகாமல் ஆஸ்பிரின் தடுக்குமாம். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

அவர் ஒரு நாளும் தவறவில்லை. ஐப்பசியில் சஷ்டி விரதம் வந்தது. ஆறு நாளும் பாலும் பழமும்தான்.

"வெறும் வயித்துல போடக்கூடாதுன்னாங்கல்ல" என்று மாத்திரையை எடுத்து வைத்துவிட்டார். பாலைச் சாப்பாடு என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

விரதம் முடிகிற அன்று வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

"பால் குடிச்சுப்போட்டு மாத்திரை போட்டிருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். இதை முதலிலேயே சொல்வதற்கு அவருக்கு என்ன வந்தது?

இப்போது என் வீட்டுக்காரருக்குப் பேச்சில்லை. அம்மணி என்று கூப்பிடவும் வருவதில்லை. ஆனால் சோறு ஊட்டுவதற்கு முன்னால் மாத்திரையை நீட்டினால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்கிறார்.