எண்ணக் கூடாத பறவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நம் பகுதியின் பறவை ஆராய்ச்சி வரலாற்றிலேயே முதன்முறையாக, உலகத்தில் இல்லாத ஒரு பறவை முறைப்படி எண்ணப்பட்டு, மாலை 6.23-க்குப் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை: ஒன்று.

சிரிக்காதீர்கள். இது நடந்தது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாகக் கிண்டல் செய்பவன் நான். என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என்ன, என்னைத் தெரிந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதில்தான் இப்போது எனக்கே குழப்பம்.

இந்த வருடம் ஜனவரி, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அயனம்பாக்கம் ஏரிக்கரை. நாங்கள் ஐந்து பேர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் முயல்கிறேன்.

எங்கள் சங்கத்துக்கு ‘மேற்கு சென்னை நீர்ப்பறவைக் கணக்கெடுப்போர் பேரவை’ என்று பெயர். பெயரின் நீளத்துக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. தலைவர் மனோகரன், ஓய்வு பெற்ற அதிகாரி. ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பால் பாக்கெட் வாங்கப் போனாலும் காட்டுப் பச்சைச் சட்டை. கழுத்தில் கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கேமரா. கரைக்கு வந்ததும் வருகைப் பதிவேட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது அவர் போட்ட முதல் விதி. கொக்கு பார்க்க வந்தவர்கள் கலெக்டரிடம் மனு கொடுக்க வந்தவர்களைப் போல வரிசையில் நிற்போம்.

பதிவேடு செயலாளர் ரெனிதாவின் கையில். ஆவடியில் பள்ளி ஆசிரியை. நிமிடம் பிசகாமல் குறிப்பார். அப்புறம் பெனிட்டோ, தூத்துக்குடிக்காரர், ஐ.டி. வேலை, ஏரியைப் பார்த்த மாதிரி ஃப்ளாட். கடைசியாக முகமது ஆசிக். அம்பத்தூரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். சத்தத்தை வைத்தே வண்டியின் வியாதியையும் பறவையின் பெயரையும் சொல்லிவிடுவான். இதுவரை தப்பியதில்லை.

நான் கையெழுத்துப் போட்டது 5.12-க்கு.

பறவைகள் அடைய வரும் நேரத்தில்தான் எண்ண வேண்டும். அதுவரை சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மாவில் பிறந்ததுதான் ‘இல்லாப்பறவை’ ஆட்டம். உலகத்தில் இல்லாத ஒரு பறவையை ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முகத்தை வைத்த இடத்தில் வைத்தபடி, “போன வருஷமே பாத்தேனே” என்று சொல்ல வேண்டும். சிரித்தவர் போய் டீ வாங்கி வர வேண்டும். நடுவில் யார் வேண்டுமானாலும் புது விதி சேர்க்கலாம். ஆனால் ஒரு முறை சொன்ன விதியை வாபஸ் வாங்க முடியாது. இந்தக் கடைசி விதி மனோகரன் உபயம். அவர் விளையாட மாட்டார். விதி மட்டும் போடுவார். ரெனிதா அதையெல்லாம் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிவைப்பார்.

5.48-க்கு ஆரம்பித்தோம்.

“ஷேர் ஆட்டோ நாரை” என்றான் ஆசிக். “முதுகு மேல பதினஞ்சு குஞ்ச ஏத்திகினு பறக்கும். நடு வானத்துல நின்னுகினு, இன்னும் ஒரு ஆளு வா நைனா, இடம் கீதுன்னு கூவும்.”

“போன வருஷமே பாத்தேனே” என்றார் ரெனிதா.

“அப்ரைசல் ஆந்தை” என்றார் பெனிட்டோ. “வருஷம் பூரா முழிச்சிப் பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு வார்த்தை பேசாது. மார்ச் மாசம் மட்டும் வந்து, எதிர்பார்த்த அளவுக்கு இல்லைன்னு சொல்லிட்டுப் போயிரும்.”

“பேரன்ட்ஸ் மீட்டிங் மைனா” என்றார் ரெனிதா. “ரெண்டு மணி நேரம் கத்தும். எல்லாத் தப்பும் பக்கத்துக் கூட்டுக் குஞ்சோடதுன்னு.”

அடுத்து ஒன்று வந்தது. அது பிரமாதமாக இருந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆசிக் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்து, தோற்று, டீ வாங்கக் கிளம்பினான். அது என்ன பறவை... இப்போது நினைவில்லை. யார் சொன்னது என்பதும்.

மனோகரன் தொண்டையைச் செருமினார். மேடை இல்லாவிட்டாலும் அவர் செருமினால் ஒரு மைக் முளைத்துவிடும்.

“இது ஒரு அறிவியல் அமைப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு வாரங்கள். இந்தக் கரையில் என் கண்ணுக்குத் தப்பிய பறவை ஒன்றுகூடக் கிடையாது. என்னால் எண்ண முடியாதது என்று எதுவும் இல்லை.”

இதற்கு மேல் நான் சும்மா இருந்தால் அது நானல்ல. வாயைத் திறந்தேன். யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கருவேல முள்ளாக இருக்கும்.

“ஒண்ணு இருக்கு சார். அரையிருட்டான்.”

“என்ன?”

“அரையிருட்டான். இருட்டு பாதி வந்ததும் கோரைக்குள்ள இருந்து கத்தும்.” கத்தியும் காட்டினேன். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. “க்ளக்... க்ளக்... ஊஊம். ஆனா அத எண்ணக் கூடாது. அதுதான் விதி. ஒண்ணு எண்ணினா, எண்ண வந்தவங்கள்ல ஒரு ஆள் குறைஞ்சிருவாங்க.”

“குறைஞ்சா தெரிஞ்சிடுமே” என்றார் ரெனிதா, எழுதிக்கொண்டே.

“தெரியாது மேடம். அப்படி ஒரு ஆள் இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனாலதான் இதுவரைக்கும் போலீஸ்ல ஒரு புகார்கூட இல்ல.”

பெனிட்டோ சிரிப்பை அடக்கி, “போன வருஷமே பாத்தேனே” என்றார். மனோகரன் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

6.17. ஆசிக் டீயோடு வந்தான். காகிதக் கப்புகளை மதகின் சிமெண்டுக் கட்டையில் வரிசையாக வைத்தான். இருட்டிக்கொண்டு வந்தது. வக்கா என்னும் இராக்கொக்குகள் தலைக்கு மேல் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. நாமக்கோழிகள் கோரையோரம் சளசளத்துக்கொண்டிருந்தன.

6.21.

நாமக்கோழிகள் நின்றன.

ஒன்று பாக்கியில்லாமல், ஒரே நேரத்தில். ஸ்விட்சை அணைத்த மாதிரி.

க்ளக்...

க்ளக்...

ஊஊம்.

“ஆசிக், நீயாடா?”

“நான் டீ குட்ச்சிகினு கீறேன் அண்ணாத்தே.”

“பெனிட்டோ?”

“சத்தியமா நான் இல்ல சார்.”

“இன்னா பறவை ஆசிக் அது?” என்று அவன் பாணியிலேயே கேட்டேன். குரல் எனக்கே ஒரு மாதிரி வந்தது. ஆசிக் தலையைச் சாய்த்துக் கேட்டான். ரொம்ப நேரம் கேட்டான்.

“தெர்ல” என்றான்.

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

மறுபடியும் வந்தது. இம்முறை பக்கத்தில். நான் கத்திக் காட்டியபடியே, நான் விட்ட அதே இடைவெளி விட்டு... என் குரலில்.

மனோகரன் கேமராவைத் தூக்கினார். “எதுவாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும்.”

“வேணாம் சார். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். நான் விதிய வாபஸ் வாங்கிக்கறேன்.”

“வாபஸ் வாங்க முடியாது. விதி இருக்கிறது.”

“சார்... ஒரு ஆள் குறைஞ்சிரும்னு...”

“உளறாதீர்கள். ரெனிதா, எழுதிக்கொள்ளுங்கள். இனம் தெரியாத பறவை. ஒன்று.”

பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. 6.23.

கோரைக்குள் ஏதோ சரக்கென்று அசைந்தது.

அப்புறம் ஒன்றுமில்லை.

காற்றுகூட இல்லை.

“எல்லாரும் இருக்கோமா?” ரெனிதா டார்ச் அடித்தார். வெளிச்சம் முகம் முகமாகத் தாவியது. மனோகரன். ஆசிக். நான். ரெனிதா.

நான்கு.

“பெனிட்டோ?”

“பெனிட்டோ!”

6.24.

அவருக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அது ஒன்றுதான் என் மனதில் ஓடியது. நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

6.25...

“இங்கதான் சார் இருக்கேன்.” சரிவிலிருந்து குரல். “செருப்பு சேத்துல மாட்டிக்கிட்டு.”

ஏறி வந்தார். ஒற்றைக் காலில் செருப்பு. அவரைத் தொட்டுப் பார்த்தேன். ஆசிக் கட்டிப்பிடித்தான். “பேஜார் பண்ணிட்டியே மாமே!” ரெனிதா மறுபடி எண்ணினார். ஐந்து. மறுபடியும் எண்ணினார். ஐந்து. எல்லோரும் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தோம். மூடநம்பிக்கை பற்றி மனோகரன் மூன்று நிமிடம் உரையாற்றினார். முதன்முறையாக அவர் பேச்சு எனக்கு இனிமையாக இருந்தது.

அப்புறம்தான் மதகைப் பார்த்தேன்.

கட்டையில் ஒரு கப் மிச்சம் இருந்தது.

பாதி குடித்தது. லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

எங்கள் ஐந்து பேர் கையிலும் கப் இருந்தது.

“ஏன்டா ஆறு வாங்கினே?”

“ஆறுன்னுதான சொன்னீங்கோ” என்றான் ஆசிக். நெற்றியைச் சுருக்கினான். “ஒண்ணு சக்கரை கம்மியான்னு... சொன்னாங்களே...”

“யாரு?”

அவன் விரல் விட்டு எங்களை எண்ணினான். ஐந்து.

ரெனிதா வருகைப் பதிவேட்டைத் திருப்பினார். ஆறு கையெழுத்து. என் பெயருக்கு நேர் கீழே, உருண்டை உருண்டையான எழுத்தில், ‘லாவண்யா’. நேரம் 5.12. என் நேரமும் அதுவே.

“யாருக்காவது தெரியுமா?”

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

“உறுப்பினர் அல்லாத யாரோ பதிவேட்டில் விளையாடியிருக்கிறார்கள்” என்றார் மனோகரன். சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை நீளமாக அடித்தார். ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டார்.

என் ஸ்கூட்டரில் இரண்டு ஹெல்மெட் தொங்கியது. ஒன்று என் தலைக்குச் சேரவில்லை. உள்ளே ஒரு நீளமான முடி.

கோவில்பதாகையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி 7.40. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதே உருண்டை எழுத்து.

‘தக்காளி. கறிவேப்பிலை. ஏரியில பனி அடிக்கும், மஃப்ளர் எடுத்துக்கோங்க. மனோகரன் சாரச் சீண்டாதீங்க.’

பக்கத்து வீட்டு ஞானம்மாளிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க வந்த நாள்லேருந்து தனியாதான சார் இருக்கீங்க?” என்றார். பீரோவில் பாதிக்குப் புடவைகள் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை 9.05-க்கு ரெனிதா ஒரு படம் அனுப்பினார். பதிவேட்டின் பின்பக்கம், ‘இல்லாப்பறவை’ பட்டியல். நாரை, ஆந்தை, மைனா. கடைசியில் என் அரையிருட்டான். நடுவில், நான்காவதாக, எங்கள் யாருக்கும் நினைவில்லாத அந்தப் பறவை.

‘வாயடங்கா வாத்து. பெரிய மனுஷன் யாரைப் பார்த்தாலும் வம்புக்குப் போகும். ஜோடி பின்னாலேயே நின்று சட்டைக் கையைப் பிடித்து இழுக்கும். ஒரு நாளும் கேட்காது. சொன்னவர்: லாவண்யா.’

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை.