கடைசிப் பெட்டி போகும்வரை

ஜப்பானில், நகோயாவில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மூன்று வருடங்களில் என் விடுமுறை நாள்கள் எல்லாம் ரயில் நிலையத்தில்தான் கழிந்தன. புல்லட் ரயிலைப் படம் பிடிக்க நடைமேடையின் கடைக்கோடியில் ஒரு கூட்டமே நிற்கும். எங்களுக்குள் கறாரான சில பழக்கங்கள் உண்டு. ரயில் வரும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பத்துப் பேர் வீடியோவும் பாழ். யார் முகமும் படத்தில் விழக் கூடாது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மறையும்வரை கையை இறக்கக் கூடாது. வேறு எதிலும் ஒழுங்கில்லாத நான் இதில் மட்டும் பிசகியதில்லை.

தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு மாத விடுப்பில் பர்மாவுக்கு, சொந்த ஊரான யாங்கோனுக்கு வந்தேன். வந்த இடத்தில் சட்டம் மாறியது. என் வயது ஆண்கள் வேலைக்கு வெளிநாடு போக முடியாது, பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வார்டு வார்டாகப் பட்டியல் தயாராகிறது என்றார்கள். மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் எங்கள் வீட்டு மாடி அறையில், திரும்பிப் போகும் டிக்கெட்டோடு முடங்கினேன். தெருவில் நாய் குரைத்தாலே அம்மா ஜன்னலைச் சாத்துவாள். ஜெயிலில்கூடக் காற்று வாங்க விடுவார்கள் என்று அவளிடம் எரிந்து விழுவேன்.

ஒரு ஞாயிறு மதியம் பொறுக்க முடியாமல் அம்மாவோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். வழியில் நிலையத்தைத் தாண்டும்போது, ஊரைச் சுற்றி வரும் ரயில் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதைவிட நான் வேகமாக நடப்பேன். ஆனாலும் ரயில் ரயில்தானே, கை தானாகப் போனை எடுத்தது. பட்டாள ஆட்சி நடக்கும் இந்த ஊரில் இப்போது நிலையத்தைப் படம் பிடிப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரியாமல் இல்லை.

பின்னாலிருந்து காவலர் கத்தினார். கேட்டது. ஆனால் இன்னும் இரண்டு பெட்டிகள் பாக்கி. நான் திரும்பவில்லை, வாயும் திறக்கவில்லை. அந்த ரயில் ஊர்ந்து முடிப்பதற்குள் அவர் என் காலரைப் பிடித்துவிட்டார்.

போனைப் பிடுங்கிப் பார்த்தார். வரிசையாக ரயில்கள். ஒன்றில்கூட ஒரு முகம் இல்லை, ஒரு குரல் இல்லை.

“எதுக்குடா இத்தனை ரயிலு? யாருக்கு அனுப்புற?” என்று பர்மிய மொழியில் அதட்டினார்.

அம்மா குறுக்கே வந்து அதே மொழியில் கெஞ்சினாள்.

“ஸயா, இவனுக்குப் பொறந்ததுலேருந்தே மூளை சரியில்லைங்க. ரயிலைக் கண்டா இப்படித்தான். கூப்பிட்டாலும் காதுல விழாது.”

காவலர் என்னைப் பார்த்தார், திரும்பவும் அந்த வீடியோக்களைப் பார்த்தார். நம்பிவிட்டார். போனை அம்மாவிடம் கொடுத்து, “கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க” என்றார். முப்பது வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது.

“அப்படிச் சொல்ல உனக்கு எப்படிம்மா வாய் வந்துச்சு?” என்று வீட்டில் கத்தினேன்.

“வந்துச்சுல்ல? அதான் நீயும் வூட்டுக்கு வந்துட்ட” என்றாள்.

அந்தப் பொய் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவைத்தாள். அடுத்த மாதம் வார்டு அதிகாரி பட்டியலோடு வந்தபோதும் அதையேதான் சொன்னாள். அவர் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. என் பக்கம் திரும்பி, “உன் பேரு என்ன?” என்றார்.

பெயரைச் சொன்னால் பட்டாளம். அம்மா சொன்னதை அவர் எழுதிக்கொண்டால் பட்டாளம் இல்லை. ஆனால் அப்படி எழுதப்பட்டவனுக்கு எந்தக் காலத்திலும் ஜப்பான் இல்லை. அம்மா கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. நான் அறைக்குள் வட்டமாக ஓடியபடி, வாயாலேயே ரயில் சத்தம் போட்டேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அம்மா முகத்தை மூடிக்கொண்டு, நிம்மதியில் அழுதாள். அவர் படியிறங்கித் தெருவுக்குப் போன பிறகும், சத்தத்தை நிறுத்த எனக்குப் பயமாக இருந்தது.